ஏற்காட்டில் "சர்வதேசக் கருத்தரங்கு": தளம் அசலா நகலா? பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

#1 கருப்பூர் ஸ்காலர்

வணக்கம். சேலம் ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அழைப்பு சுற்றி வருகிறது. மே மாதம் ஏற்காட்டில் மூன்று நாள் சர்வதேசக் கருத்தரங்கு. தாவரவியல், நிலவியல், கணினி அறிவியல், மேலாண்மை என எல்லாத் துறைக்கும் இடம் உண்டாம். சுருக்கம் அனுப்பினால் 36 மணி நேரத்தில் ஏற்புக் கடிதம். பதிவுக் கட்டணம் 8,500 ரூபாய், 48 மணி நேரத்துக்குள் கட்டினால் 6,500. "ஸ்கோபஸில் இடம்பெறுவது உறுதி" (ஸ்கோபஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம்) என்று முகப்பிலேயே சிவப்பு எழுத்து.

தளம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பூட்டுக் குறி உண்டு. நடத்துவது சேலத்துக் கல்லூரி ஒன்று என்று பெயரும் சின்னமும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லூரி முந்தைய ஆண்டுகளில் இதே பெயரில் கருத்தரங்கு நடத்தியது உண்மை. "வருவது எப்படி" பக்கத்தில், "ஏற்காடு ரயில் நிலையத்திலிருந்து இலவச வாகனம்" என்று இருக்கிறது. பணம் கட்ட ஒரு கியூஆர் குறியீடும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள்.

கணினித் துறை அல்லாதவர்களும் செய்யக்கூடிய மாதிரி, எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஐந்து ரோடு நெட்வொர்க்

ஏற்காட்டுக்கு ரயிலே கிடையாது. சேலம் ஜங்ஷனில் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 30 கிலோமீட்டர் போகணும். சேலத்துக் கல்லூரியில் வேலை பார்க்கும் யாரும் இப்படி ஒரு வரி எழுத மாட்டார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போடும் அச்சுப் பக்கம் இது. இடம், தூரம், தங்குமிடம் பற்றிய பக்கத்தை ஊர்க்காரர் ஒருவர் ஒருமுறை படிப்பது ஐந்து நிமிட வேலை. பல நகல்கள் அங்கேயே கிழிந்துவிடும்.

அடுத்தது முகவரி. இதை வலமிருந்து இடமாகப் படிக்கணும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி வாங்க. எடுத்துக்காட்டைத் தமிழிலேயே எழுதுகிறேன்:

மாநாடு.கல்லூரி.ஏசி.இன் – இது கல்லூரியின் சொந்த இடம்.
மாநாடு-கல்லூரி-ஏசி.இன் – இது யாரும் சில நூறு ரூபாய்க்கு வாங்கக்கூடிய பெயர். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு.
மாநாடு.கல்லூரி.ஏசி.இன்.பதிவு.ஆன்லைன் – இதன் உரிமையாளர் "பதிவு.ஆன்லைன்" வைத்திருப்பவர். முன்னால் இருப்பது முழுக்க அலங்காரம்.

ஏசி.இன், இடியு.இன், ஆர்இஎஸ்.இன் மூன்றையும் அரசின் எர்நெட் இந்தியா அமைப்பு மட்டும்தான் வழங்குகிறது. கல்வி நிறுவனம் என்று ஆவணம் காட்டாமல் கிடைக்காது. வெறும் இன், காம், ஆர்க், ஆன்லைன், எக்ஸ்ஒய்இசட் எதற்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. "ஆர்க்" என்று முடிந்தால் தொண்டு நிறுவனம் என்ற நம்பிக்கை இன்னும் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது வெறும் பெயர்.

கண்ணை ஏமாற்றும் எழுத்துகளும் உண்டு. ஆங்கிலச் சிறிய "ஆர்" பக்கத்தில் "என்" வந்தால் "எம்" மாதிரித் தெரியும். சிறிய "எல்", பெரிய "ஐ", எண் 1 மூன்றும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோல இருக்கும். கைபேசியில் முகவரிப் பட்டை குறுகலாக இருப்பதால் முழுப் பெயரும் தெரியாது. பட்டையைத் தொட்டு, முழுதாக நகலெடுத்து, ஒரு குறிப்பில் ஒட்டிப் பெரிய எழுத்தில் பாருங்க.

பூட்டுக் குறியைப் பற்றி: நீங்கள் தட்டுவது வழியில் யாரும் படிக்காமல் அந்தத் தளத்துக்குப் போய்ச் சேரும் என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தத் தளம் யாருடையது என்று அது சொல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் மாதிரி இடங்களில் சான்றிதழ் இலவசம், சில நிமிடத்தில் கிடைக்கும், திருடனுக்கும் கிடைக்கும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

#3 சேர்வராயன் தாவரவியல்

தளம் எப்போது பதிவு செய்யப்பட்டது என்று ஹூஇஸ் என்ற தளப்பெயர்ப் பதிவேட்டில் பார்த்தால் போதுமே? புதிதாக இருந்தால் போலி என்று முடிவு கட்டிவிடலாம் அல்லவா?

#4 ஐந்து ரோடு நெட்வொர்க்

அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் நேர்மையான பாதிப் பேரைத் திருடர் என்று சொல்லிவிடுவோம், மேடம். கருத்தரங்கு நடத்தும் துறைகளில் பலர் ஒவ்வோர் ஆண்டும் புதுப் பெயர் வாங்குகிறார்கள். அதனால் பதிவுத் தேதியைத் தனியாகப் பார்க்காமல், தளத்தில் எழுதியிருக்கும் தேதிகளோடு ஒட்டிப் பார்க்கணும்.

இணையத் தளப்பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் பதிவான நாள் வரும். "கட்டுரை அனுப்பக் கடைசி நாள் ஜனவரி 15, முடிந்தது, சிறப்பு நீட்டிப்பு" என்று தளம் சொல்கிறது; பெயரோ மார்ச்சில்தான் பதிவாகியிருக்கிறது. அப்படியென்றால் ஜனவரியில் கட்டுரைகளை எங்கே வாங்கினார்கள்? இந்த முரண்தான் சான்று. அசல் கருத்தரங்கின் தளம் அழைப்பு வெளியாவதற்கு முன்பே பதிவாகியிருக்கும்.

நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. பழைய பெயர் என்றால் நல்ல பெயர் என்று கிடையாது. போன ஆண்டு கருத்தரங்கு முடிந்ததும் துறை புதுப்பிக்காமல் விட்ட பெயரை வேறொருவர் வாங்கிப் பழைய பக்கங்களை அப்படியே ஏற்றிவிடுவார். பழைய அழைப்பிதழ்கள், பழைய கட்டுரைகள், துறையின் பழைய அறிவிப்புகள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் இணைப்பு கொடுத்திருக்கும். இதற்கு, தளங்களின் பழைய தோற்றங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் உதவும். இடையில் சில மாதம் தளம் காலியாகவோ சூதாட்ட விளம்பரமாகவோ இருந்துவிட்டுத் திடீரென்று மறுபடி கருத்தரங்காக மாறியிருந்தால் கை மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க.

சிஆர்டி.எஸ்எச் என்ற பக்கத்தில் சான்றிதழ்ப் பதிவேடு இருக்கிறது. பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருக்கு எந்தெந்தத் தேதியில் சான்றிதழ் வாங்கினார்கள் என்ற வரிசை முழுதும் வரும். அதைத் தளக்காரர் அழிக்க முடியாது.

#5 லைப்ரரி கவுண்டர்

இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்க. கணினியில் தளத்தைத் திறந்து கண்ட்ரோலும் யூ-வும் சேர்த்து அழுத்தினால் மூல நிரல் வரும். நிரல் புரியணும் என்று இல்லை. அதற்குள் தேடல் பெட்டியைத் திறந்து "எச்டிடிராக்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்க. தளங்களை மொத்தமாக நகலெடுக்கும் இலவசக் கருவி அது. "இன்ன முகவரியிலிருந்து, இன்ன தேதி, இன்ன நேரத்தில் நகலெடுக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு வரியைத் தானாகவே பக்கத்துக்குள் எழுதி வைக்கும். அவசரத்தில் நகலெடுப்பவர்கள் அதை நீக்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் அசல் முகவரியும் திருடிய நேரமும் சேர்ந்தே கிடைத்துவிடும். புகாருக்கு அதைவிட நல்ல இணைப்பு இல்லை.

அப்படிக் கிடைக்காவிட்டால் "கெனானிகல்" என்று தேடுங்க. அந்த வரி அசல் தளத்தின் முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும்.

நிரல் பக்கமே போக விருப்பம் இல்லாதவர்கள் எல்லா இணைப்புகளையும் சொடுக்கிப் பாருங்க. முந்தைய ஆண்டு, குழு, தலைப்புகள் எல்லாம் அசல் தளத்துக்குப் போகும், அல்லது சொடுக்கினால் அசையாமல் நிற்கும். "பதிவு" பொத்தான் மட்டும் சரியாக வேலை செய்யும். திருடனுக்கு அந்த ஒரு பொத்தான்தான் முக்கியம், மற்றதில் அவன் நேரம் செலவழிப்பதில்லை.

#6 அஸ்தம்பட்டி ஆடிட்டர்

தளத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். என் கருத்தில், தளத்தை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். பணம் போய்ச் சேரும் பெயரை நகலெடுப்பது கஷ்டம். அதனால் நான் பணத்தின் பக்கத்திலிருந்து வருகிறேன்.

கியூஆர்: ஸ்கேன் செய்ததும் யுபிஐ செயலி, ரகசிய எண்ணை (பின் எண்) கேட்பதற்கு முன் வங்கியில் பதிவான பெயரைக் காட்டும். கருத்தரங்கு என்றால் கல்லூரி, துறை, சங்கம், அறக்கட்டளை இப்படி ஏதாவது பெயர் வரணும். தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்க. "கன்வீனர் சாருடைய சொந்தக் கணக்கு, கல்லூரிக் கணக்கு திறக்கத் தாமதம்" என்று சமாதானம் வரும். தாமதம் உண்மையாகவே இருக்கட்டும், கணக்கு திறந்த பிறகு கட்டலாம்.

வங்கி மாற்று: நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் வங்கிச் செயலியில் கணக்கு சேர்க்கும்போது அதைப் பயன்படுத்துங்க. அதற்கு முன்பெல்லாம் பெயர் என்ன எழுதினாலும் கணக்கு எண்ணை வைத்துத்தான் பணம் போனது. அந்த ஓட்டையில்தான் பல பேர் விழுந்தார்கள்.

ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. முதல் நான்கு வங்கி, ஐந்தாவது சுழியம், கடைசி ஆறு கிளை. கிளை எந்த ஊர் என்று தேடுங்க. சேலத்துக் கல்லூரி நடத்தும் கருத்தரங்குக்கு வேற்று மாநிலச் சிற்றூர்க் கிளையில் கணக்கு ஏன்?

ஜிஎஸ்டி எண் போட்டிருந்தால் இன்னும் வசதி. 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்து, உரிமையாளர் யார் என்று சொல்லும். பி என்றால் தனிநபர், சி என்றால் கம்பெனி, டி (டிரஸ்ட்) என்றால் அறக்கட்டளை, ஏ என்றால் பலர் சேர்ந்த அமைப்பு. "சர்வதேச ஆய்வுச் சங்கம்" என்று பலகை மாட்டிக்கொண்டு ஆறாவது எழுத்தில் பி இருந்தால் அது ஒற்றை ஆளின் கடை. ஜிஎஸ்டி தளத்தில் "சர்ச் டாக்ஸ்பேயர்" பகுதியில் எண்ணைக் கொடுத்தால் பதிவான பெயரும் நிலையும் வரும். உள்நுழையத் தேவையில்லை.

ஜிஎஸ்டி எண் இல்லை என்பதாலேயே போலி என்று முடிவு செய்யக்கூடாது. சிறிய துறைகள் வெறும் ரசீது கொடுப்பது வழக்கம்தான். எண் இருந்து, அது பொருந்தாமல் போவதுதான் குற்றம்.

#7 சேர்வராயன் தாவரவியல்

இரண்டு வேறு வேறு விஷயங்கள் இங்கே கலக்கின்றன என்று தோன்றுகிறது. ஒன்று அசல் கருத்தரங்கை நகலெடுத்துப் பணமும் கடவுச்சொல்லும் பறிப்பது. இன்னொன்று உண்மையாகவே ஒரு ஹாலைப் பிடித்து, பெயருக்கு நடத்தி, எந்தக் கட்டுரையையும் படிக்காமல் ஏற்றுக் கட்டணம் வாங்குவது. இரண்டாவதும் அநியாயம்தான், ஆனால் சோதனைகள் வேறு. அதற்குச் சொந்தப் பெயர், சொந்தக் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் சரியாகவே இருக்கும்.

இரண்டாவது வகைக்கு நீதிமன்றம் வரை போன வழக்கு, ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்திய ஹைதராபாத் நிறுவனம் ஓமிக்ஸ் மீதானது. அமெரிக்க அரசின் வணிக ஆணையமான எஃப்டிசி 2016-இல் வழக்குப் போட்டது. புகழ்பெற்ற ஆய்வாளர்கள் கலந்துகொள்வதாகச் சொல்லி மாநாடுகளுக்கு ஆள் சேர்த்தார்கள் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

"ஸ்கோபஸ் உறுதி" என்பது இரண்டு வகையிலும் வரும் பொய். கருத்தரங்கக் கட்டுரைகளின் தொகுப்பு வெளியான பிறகுதான் தரவுத்தளம் அதை எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்கிறது. கருத்தரங்கு நடப்பதற்கு முன் யாராலும் அந்த உறுதியைக் கொடுக்க முடியாது. "ஐஎஸ்பிஎன் எண்ணுடன்", அதாவது நூல் அடையாள எண்ணுடன், என்பதும் பெரிய விஷயம் கிடையாது. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசமாகவே கிடைக்கிறது. எழுதியதன் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐஇஇஇ பெயரைப் போட்டிருந்தால் ஐஇஇஇ-யின் சொந்தக் கருத்தரங்குத் தேடல் பக்கத்தில் பெயரும் தேதியும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். போலித் தளத்தில் இருக்கும் இணைப்பைச் சொடுக்காமல், நீங்களே முகவரியைத் தட்டிப் போகணும்.

மாணவர்கள் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. யுஜிசியின் 2016 விதிகள், முனைவர் பட்ட ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரை வெளியீடும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் வேண்டும் என்றன. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்கலாம். அதனால் உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று வழிகாட்டியிடமும் ஆய்வுப் பிரிவிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேவையே இல்லாத சான்றிதழுக்கு 6,500 ரூபாய் கட்ட வேண்டாம். ஃபெலோஷிப் மாதக்கணக்கில் வராமல் கடன் வாங்கிக் கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை நினைத்தால் மனசு கொதிக்கிறது.

#8 ஐந்து ரோடு நெட்வொர்க்

மேடம் பிரித்துச் சொன்னது சரி. நகல் வகையிலேயே இன்னொரு பிரிவு இருக்கிறது, அதில் பணமே கேட்க மாட்டார்கள். "கட்டுரையின் நிலையைப் பார்க்கப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் உள்நுழையவும்" என்று ஒரு பக்கம் வரும். கடவுச்சொல்தான் குறி. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஒன்பது ஈரானியர் மீது குற்றம் சாட்டியது. அந்த நாட்டில் 144 பல்கலைக்கழகங்கள், வெளியே 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள் குறிவைக்கப்பட்டன. பேராசிரியர்களுக்கு அவர்கள் துறை ஆளே எழுதுவது மாதிரி அஞ்சல், அதில் போலி உள்நுழைவுப் பக்கம்.

இன்னும் மோசமானது 2021-இல் வெளிவந்தது. லண்டனின் எஸ்ஓஏஎஸ் கல்லூரிப் பேராசிரியர்கள் போல நடித்து, இணையவழிக் கருத்தரங்குக்கு அழைத்து, பல அஞ்சல்கள் பேசிப் பழகிய பிறகு பதிவு இணைப்பு அனுப்பினார்கள். அந்த இணைப்பு அந்தக் கல்லூரியின் வானொலித் தளத்துக்கே போனது. அசல் தளம்தான், உள்ளே புகுந்து கடவுச்சொல் பறிக்கும் பக்கத்தை வைத்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன முகவரிச் சோதனை, பதிவுத் தேதிச் சோதனை எல்லாவற்றிலும் அந்தத் தளம் தேறிவிடும்.

அதனால் தளத்துக்குள்ளேயே நின்றுகொண்டு தளத்தைச் சோதிப்பது ஒருபோதும் போதாது. வெளியிலிருந்து ஒரு குரல் வேணும். கல்லூரியின் முதன்மைத் தளத்தை நீங்களே தட்டித் திறந்து, அதில் இருக்கும் அலுவலகத் தரைவழி எண்ணுக்கு அழைத்து, "இந்தத் தேதியில் இந்தப் பெயரில் நடத்துகிறீர்களா, பணம் எந்தக் கணக்குக்கு" என்று இரண்டே கேள்வி கேளுங்க. அழைப்பிதழில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் திருடன்தான் எடுப்பான், மிக மரியாதையாகப் பேசுவான்.

கடவுச்சொல்லுக்கு ஒரு வழி: பிரவுசரிலோ தனிச் செயலியிலோ கடவுச்சொல்லைச் சேமித்துவையுங்க. அசல் முகவரி இல்லாத இடத்தில் அது தானாக நிரப்பாது. "ஏன் நிரப்பவில்லை" என்று எரிச்சலோடு கையால் தட்டத் தொடங்கும் அந்த நொடிதான் நிற்க வேண்டிய நொடி. ஓடிபி இருக்கிறதே என்று இருக்க வேண்டாம். போலிப் பக்கம் உங்கள் ஓடிபியை வாங்கி அதே நேரத்தில் அசல் தளத்தில் கொடுத்து உள்ளே போய்விடும். பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் சாவி, அசல் தளத்தின் முகவரியோடு கட்டுப்பட்டது என்பதால் இந்த வழியில் திருடு போகாது.

#9 கருப்பூர் ஸ்காலர்

கருத்தரங்குக்காரர்கள் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து, முழுத் தலைப்பு வரிகளைக் காட்டும் "ஷோ ஒரிஜினல்" பார்த்தேன், சார். அனுப்பியவரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றிலும் "பாஸ்" என்று வருகிறது. அப்படியென்றால் அஞ்சல் அசல்தானே?

#10 ஐந்து ரோடு நெட்வொர்க்

இல்லை. "இந்தப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லும் அஞ்சல் உண்மையில் அந்தப் பெயரிலிருந்துதான் வந்தது" என்பது வரைதான் அந்த மூன்றும் சொல்லும். சிறு கோடு போட்ட போலிப் பெயரை வாங்கியவன், அந்தப் பெயருக்கு மூன்றையும் ஒழுங்காகவே அமைத்திருப்பான். பாஸ் ஆன பெயர் எது என்று பாருங்க. டிகிம் வரியில் "டி" சமக்குறிக்குப் பிறகு இருப்பது கல்லூரியின் ஏசி.இன் பெயரா? பதில் எங்கே போகும் என்று சொல்லும் "ரிப்ளை-டு" வரியில் வேறு ஜிமெயில் முகவரி இருக்கிறதா? அந்த இரண்டும்தான் பேசும். "ஃபெயில்" வந்தால் சந்தேகம் கூடும். "பாஸ்" வந்ததால் எதுவும் உறுதியாகவில்லை.

#11 லைப்ரரி கவுண்டர்

அசல் கருத்தரங்கில் பதிவு செய்தவர்களுக்கும் ஒரு வலை இருக்கிறது. "கருத்தரங்கின் தங்குமிடப் பொறுப்பாளர் பேசுகிறோம், குறைந்த விலை அறைகள் தீரப்போகின்றன, கார்டு விவரம் சொல்லுங்கள்" என்று அழைப்பு வரும். நிகழ்ச்சி நிரலில் பெயர், கல்லூரி, அஞ்சல் முகவரி எல்லாம் அச்சாகிப் பொதுவில் கிடக்கிறது, அதை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நேரம், அறை கிடைப்பது உண்மையிலேயே சிரமம் என்பதால் இந்தப் பேச்சு எடுபடும். விடுதிக்கு நேராக அழைத்து, "இந்தக் கருத்தரங்கின் பெயரில் அறைகள் ஒதுக்கியிருக்கிறீர்களா" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும். தளத்தில் சொன்ன அரங்கம் முன்பதிவாகியிருக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம்.

"விசா கடிதத்துக்கு", "அடையாள அட்டைக்கு" என்று பாஸ்போர்ட், ஆதார் நகல் கேட்டால் முதலில் அனுப்ப வேண்டாம். உள்நாட்டுக் கருத்தரங்குக்கு எதற்குப் பாஸ்போர்ட்? ஆதார் கொடுத்தே ஆகணும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கி, குறுக்கே கருத்தரங்கின் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்க.

#12 அஸ்தம்பட்டி ஆடிட்டர்

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு. இதை அப்படியே குழுக்களில் போடலாம்.

முதல் வேலை 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பது. திருடன் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருக்க மாட்டான், சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரித்து, ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். கணக்கில் இருக்கும்போதே முடக்கினால்தான் திரும்பக் கிடைக்கும். அழைக்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: பணம் போன நாள், நேரம், தொகை, உங்கள் வங்கி, பெற்ற கணக்கு அல்லது யுபிஐ முகவரி, பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் 12 இலக்கம், நெஃப்ட் என்றால் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்து. ஓர் எழுத்து தவறினாலும் தேட முடியாது, அதனால் வாயால் சொல்லும்போது இரண்டு முறை படித்துக் காட்டுங்க.

அழைப்போடு முடியாது. தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் முழுப் புகாரையும் பதிவு செய்து, திரைப்பிடிப்புகளை இணைக்கணும். கூடவே வங்கிக்கும் எழுத்தில் புகார், அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்க. ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலம் மாவட்டக் காவல் எல்லை, நகரத்துக்குள் இருப்பவர்கள் மாநகரக் காவல் எல்லை. எந்த எல்லை என்று யோசித்துக்கொண்டு 1930-ஐத் தள்ளிப்போட வேண்டாம், அது எல்லோருக்கும் பொது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி, 66டி பிரிவுகள் இதற்குப் பொருந்தும். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு வாடிக்கையாளருக்கு இல்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதியை நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. நீங்களே பின் எண்ணைத் தட்டி அனுப்பியதை வங்கி அந்தக் கணக்கில் சேர்க்காது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் இவ்வளவு முக்கியம்.

வெளிநாட்டுத் தளத்தில் கார்டில் கட்டியவர்கள்: அங்கே பல இடங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போகும். செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையை உடனே அணையுங்க, கார்டை முடக்குங்க, வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை) கேளுங்க. இனிமேல் கட்டும்போது சர்வதேச வசதியை அந்தப் பத்து நிமிடம் மட்டும் திறந்து, வரம்பைக் கட்டணத் தொகைக்கே வைத்து, முடிந்ததும் மூடுங்க.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று கியூஆர் அனுப்பினால் அது இரண்டாவது திருட்டு. பணம் பெற, பின் எண்ணைத் தட்டத் தேவையே இல்லை.

#13 சேர்வராயன் தாவரவியல்

கடவுச்சொல் கொடுத்துவிட்டவர்கள்?

#14 ஐந்து ரோடு நெட்வொர்க்

வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" கொடுங்க. அதோடு விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அஞ்சல் அமைப்புகளில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்க. "கட்டணம்", "வங்கி" போன்ற சொல் வந்தால் நேராகக் குப்பைக்கு அனுப்பு என்று விதி எழுதி வைத்திருப்பான். எச்சரிக்கை அஞ்சல்கள் உங்கள் கண்ணில் படாது. மீட்பு அஞ்சல், மீட்பு எண், இணைத்த செயலிகள், செயலிக் கடவுச்சொற்கள், இவையும் பார்க்கணும். அதே கடவுச்சொல்லை ஈஸிசேர் (கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பும் தளம்), ஸ்கோபஸ், நூலகக் கணக்கு எதில் வைத்திருந்தாலும் எல்லாவற்றிலும் மாற்றுங்க. துறையில் சொல்லிவிடுங்க, உங்கள் பெயரில் அடுத்த அழைப்பு உங்கள் வழிகாட்டிக்குப் போகும்.

#15 துறைச் செயலாளர் சேலம்

நடத்துகிறவர்கள் பக்கம் என்ன செய்யலாம்? ஒவ்வோர் ஆண்டும் நடத்தும் கருத்தரங்குக்கு நகல் வராமல் தடுக்கணும்.

#16 ஐந்து ரோடு நெட்வொர்க்

நகல் எடுப்பதை அடியோடு தடுக்க முடியாது, சார். ஆனால் அடையாளம் காண்பதை எளிதாக்கலாம். தனிப்பெயர் வாங்காமல் கல்லூரியின் ஏசி.இன்-க்கு அடியிலேயே கிளைப்பெயர் வைத்து நடத்துங்க, செலவும் இல்லை. ஏற்கெனவே தனிப்பெயர் இருந்தால் கருத்தரங்கு முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு புதுப்பித்து, கல்லூரிப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்க. கணக்கின் பெயரை, எண்ணை இல்லை, பெயரை மட்டும், கல்லூரியின் முதன்மைத் தளத்தில் போடுங்க. நிகழ்ச்சி நிரலில் பங்கேற்பாளரின் அஞ்சல் முகவரிகளை அச்சிட வேண்டாம்.

அஞ்சலுக்கு டிமார்க்: முதலில் "நன்" (எதையும் தடுக்காதே) என்று வைத்து இரண்டு முதல் நான்கு வாரம் அறிக்கைகளைப் பாருங்க. தேர்வுப் பிரிவு, நூலகம், வெளி நிறுவனம் மூலமாக அனுப்பும் அஞ்சல்கள் எல்லாம் சரியாகக் கையெழுத்தாகின்றனவா என்று தெரியும். பிறகு "குவாரண்டைன்" (சந்தேகப் பெட்டியில் போடு), கடைசியில் "ரிஜெக்ட்" (ஏற்காதே). எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் வைத்தால் உங்கள் சொந்த அஞ்சலே மாணவர்களுக்குப் போகாது. பயந்து எடுத்துவிட்டு, மறுபடி யாரும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

நகல் வந்துவிட்டால், அந்தத் தளப்பெயரை விற்ற பதிவாளரின் அப்யூஸ் (முறைகேட்டுப் புகார்) முகவரி ஹூஇஸ்ஸில் இருக்கும், அதற்கு எழுதுங்க. காம், ஆர்க், ஆன்லைன் போன்ற பெயர்களுக்கு, 2024 ஏப்ரல் முதல் ஐகான் ஒப்பந்தப்படி, போதிய சான்றோடு ஃபிஷிங் (போலிப் பக்கம் வைத்துப் பணம், கடவுச்சொல் பறிப்பது) புகார் வந்தால் பதிவாளர் நடவடிக்கை எடுத்தாகணும். "எங்கள் சின்னத்தைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதினால் அது பதிப்புரிமைத் தகராறு என்று வரிசையில் போய் நிற்கும். "ஃபிஷிங்" என்ற சொல்லை முதல் வரியிலேயே எழுதி, முழு முகவரி, பார்த்த நேரம், திரைப்பிடிப்பு, அஞ்சலின் முழுத் தலைப்பு வரிகள், அசல் தளத்தின் முகவரி, இவற்றை இணையுங்க. கூகுள் சேஃப் பிரவுசிங் புகார்ப் பக்கத்திலும், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கும் அதே நாளில் கொடுங்க. குரோமில் சிவப்புத் திரை வந்துவிட்டால் தளம் இருந்தாலும் ஆள் விழ மாட்டார்கள்.

#17 கருப்பூர் ஸ்காலர்

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் பார்த்தேன். முகவரியில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு. பதிவான நாள், தளம் சொல்லும் கடைசி நாளுக்கு ஏழு வாரம் பின்னால். மூல நிரலில் எச்டிடிராக் வரி இருக்கிறது, நகலெடுத்தது இரவு 2 மணி 40 நிமிடம். கியூஆரில் தனி ஆள் பெயர். கல்லூரி அலுவலகத்துக்கு அழைத்தபோது, இந்த ஆண்டு கருத்தரங்கு நவம்பரில் வளாகத்திலேயே நடக்கும், ஏற்காட்டில் எதுவும் இல்லை என்றார்கள். நிரல், திரைப்பிடிப்பு, அஞ்சல் தலைப்பு எல்லாவற்றையும் அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் குழுக்களில் இருவர் நேற்று மாலை கட்டியிருக்கிறார்கள், ஆடிட்டர் சார் எழுதியதைக் காட்டி 1930-க்கு அழைக்கச் சொல்லியாயிற்று.

#18 அஸ்தம்பட்டி ஆடிட்டர்

அந்த இருவரிடமும் கட்டிய திரையின் படத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்க. தளம் இன்று இரவே மறைந்துவிடலாம். பெற்றவரின் பெயரும் 12 இலக்கமும் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.